நமக்கும் வேண்டாமா வளரறி மதிப்பீடு?

2023 மே மாதம் எங்கள் நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் பணி நிறைவு பெற்றார். ஜூனில் பள்ளி திறந்தபோது, மூத்த பட்டதாரி ஆசிரியர் என்ற முறையில் பொறுப்பு என்னிடம் வந்தது. அதுவரை ஆறு முதல் எட்டு வரை கணக்கு நடத்திக்கொண்டு, பாடக்குறிப்பு உண்டு, நான் உண்டு என்று இருந்தவன். பீரோ சாவியோடு பதிவேடுகளும் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று வகுப்பறை உற்றுநோக்கல் பதிவேடு. மற்ற ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டியது. இருபது ஆண்டுகளாக அந்தப் பதிவேட்டில் எழுதப்பட்டவன் நான். எழுதுகிறவனாக ஆனது அப்போதுதான் முதல் தடவை.

ஆகஸ்டில் ஒரு நாள் மூன்றாம் வகுப்புக்குப் போனேன். இருபது நிமிடம் இருந்திருப்பேன். ஆறு குழந்தைகளை எழுப்பிப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னேன். இரண்டு பேர் வாசித்தார்கள். நான்கு பேர் எழுத்தெழுத்தாகத் தடவினார்கள். அறைக்குத் திரும்பி வந்து எழுதினேன்: "மாணவர்களின் வாசிப்புத் திறன் எதிர்பார்த்த அளவில் இல்லை. ஆசிரியர் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்." கையெழுத்து, தேதி, முத்திரை. மதிய இடைவேளையில் டீச்சரை அழைத்துக் காட்டினேன். அவர் இரண்டு வரியையும் படித்தார். "எங்க சார் கையெழுத்துப் போடணும்?" என்றார். காட்டினேன். போட்டுவிட்டுப் போய்விட்டார். என் கடமையைச் சரியாகச் செய்துவிட்டதாகவே அன்று நினைத்தேன்.

அடுத்த இரண்டு மாதங்களில் நான் எப்போது அந்த வகுப்புக்குப் போனாலும் வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரே பாடம். எழுந்து நிற்பதும் ஏறத்தாழ அதே ஐந்து குழந்தைகள். ஒரு சிறுமி கணீரென்று வாசித்தாள். பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். அவள் சொல்லிக்கொண்டிருந்த வரிகள் அந்தப் பக்கத்திலேயே இல்லை. அவை இரண்டு பக்கம் முன்னால் இருந்தன. குழந்தைக்கு மனப்பாடம். நான் வரும்போது காட்டுவதற்காக ஒரு வகுப்பு தயார் செய்யப்பட்டிருந்தது. அதற்குக் காரணம் என்னுடைய இரண்டு வரிகள்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன் பழைய வருகைப் பதிவேடுகளைப் புரட்ட வேண்டிய வேலை வந்தது. அந்தக் குழந்தைகள் 26 பேரையும் இரண்டாம் வகுப்பிலிருந்து அதே டீச்சர்தான் கூட்டிவருகிறார். முந்தைய ஆண்டு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை 9 குழந்தைகளின் பெயர்களுக்கு நேரே வரிசையாக 'ஆ'. கரும்பு வெட்டப் போன குடும்பங்கள். பொங்கல் முடிந்ததும் பானை சட்டியோடு லாரியில் ஏறிப் போவதைச் சாலையோரம் நின்று நானே ஏழு வருடமாகப் பார்த்திருக்கிறேன். ஆகஸ்டில் நான் எழுப்பிய நான்கு பேரில் மூன்று பேர் அந்த ஒன்பதில் இருந்தார்கள். ஜூனில் திரும்பி வந்தபோது அவர்களில் பலர் அரும்பு நிலையிலும் இல்லை. இரண்டே மாதத்தில் எழுத்தெழுத்தாக வாசிக்கும் இடத்துக்கு டீச்சர் அவர்களைக் கொண்டுவந்திருந்தார். அதைத்தான் 'எதிர்பார்த்த அளவில் இல்லை' என்று நான் எழுதியிருந்தேன்.

பதிவேட்டில் பக்க எண் போட்டிருக்கிறது. கிழிக்க முடியாது. அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. குழந்தைகளை எப்படி மதிப்பிட வேண்டும் என்று நமக்கு நன்றாகத் தெரியும். 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது பயிற்சி எடுத்துக்கொண்டவர்கள் நாம். வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தோம். குழந்தை எங்கே நிற்கிறது, அடுத்த அடி எது என்று பருவம் நடக்கும்போதே பார்ப்பது வளரறி. முடிவில் எவ்வளவு என்று சொல்வது தொகுத்தறி. ஒரே நாள் தேர்வை வைத்து ஒரு குழந்தையை எடை போடாதே என்று பெற்றோரிடம்கூடச் சொல்கிறோம். ஆனால் ஆசிரியர் என்ற பணியாளரின் வேலையைப் பார்க்கும்போது மட்டும் நமக்கு நாமே வைத்திருப்பது முழுக்கத் தொகுத்தறிதான். 20 நிமிடம், இரண்டு வரி, ஒரு கையெழுத்து.

இது பள்ளிக்கூடத்தில் மட்டும் இருக்கும் பழக்கம் இல்லை. அரசுப் பணியில் ஆண்டு இரகசியக் குறிப்பு என்று ஒன்று நெடுங்காலம் இருந்தது. மேலதிகாரி எழுதுவார், உறையில் போகும். என்ன எழுதியிருக்கிறார் என்று சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது. மிக மோசமான குறிப்பாக இருந்தால் மட்டும் தெரிவிப்பார்கள். இதை மாற்றிய வழக்கு ஒன்றை ஆசிரியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லைச் சாலைகள் அமைப்பில் செயற்பொறியாளராக இருந்தவர் தேவ் தத். பதவி உயர்வுக்குக் கடந்த ஐந்தாண்டுக் குறிப்புகளில் 'மிக நன்று' இருக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு 1993-94இல் 'நன்று' என்று போட்டிருந்தார்கள். 'நன்று' என்பது திட்டு இல்லையே, அதனால் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அந்த 'நன்று' அவருடைய பதவி உயர்வைத் தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 மே மாதம் தீர்ப்பு வந்தது. குறிப்பு நல்லதோ கெட்டதோ, ஒவ்வொன்றையும் அந்தப் பணியாளருக்குத் தெரிவிக்க வேண்டும், மறுப்புச் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்றது நீதிமன்றம். தெரியாமல் வைத்தால் அவர் எப்படித் தம்மைத் திருத்திக்கொள்வார், தவறான குறிப்பை எப்படி எதிர்ப்பார் என்பதுதான் அதன் அடிப்படை. 2009இல் மத்திய அரசு இரகசியக் குறிப்பு என்ற பெயரையே எடுத்துவிட்டு, ஆண்டுப் பணித்திறன் மதிப்பீட்டு அறிக்கை என்று மாற்றியது. முழு அறிக்கையையும் பணியாளருக்குக் காட்ட வேண்டும், கருத்துச் சொல்ல 15 நாள் உண்டு என்று வந்தது.

இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. நான் மறைக்கவில்லை, காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன். ஆனால் அவர் பதில் எழுத அந்தப் பக்கத்தில் இடமே இல்லை. 'கண்டேன்' என்று கையெழுத்துப் போட ஒரு கோடு மட்டும் இருந்தது. நீதிமன்றம் கேட்ட இரண்டில் பாதியைத்தான் நான் செய்திருந்தேன்.

தனியார் நிறுவனங்களில் வேறு கதை. என் தம்பி மகன் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். அப்ரைசல் மாதம் வந்தால் வீட்டுக்குப் போன் பண்ணமாட்டான். "எல்லாரும் நல்லா வேலை செஞ்சாலும் பெரியப்பா, டீம்ல ஒருத்தனுக்குக் கடைசி ரேங்க் போட்டே ஆகணும்" என்றான் ஒரு முறை. இந்த முறையைப் பெரிய அளவில் நடத்திப் பெயர் பெற்றவர் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தை 1981 முதல் 2001 வரை நடத்திய ஜாக் வெல்ச். பணியாளர்களில் முதல் 20 விழுக்காடு, நடு 70, கடைசி 10 என்று வருடாவருடம் பிரித்து, கடைசிப் பத்தை வெளியேற்றச் சொன்னவர். மைக்ரோசாஃப்டும் இதே போல ஊழியர்களை வரிசைப்படுத்தி வந்தது, 2013 நவம்பரில் அதைக் கைவிட்டது. அடோபி நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டே ஆண்டு மதிப்பீட்டை எடுத்துவிட்டு, மேலாளரும் ஊழியரும் அவ்வப்போது உட்கார்ந்து பேசும் முறைக்கு மாறியது. ஜெனரல் எலெக்ட்ரிக்கே பின்னால் பழைய முறையை விட்டுவிட்டது. காரணம் எளிது. பக்கத்து மேசைக்காரன் கீழே போனால்தான் நான் மேலே போக முடியும் என்றால், அவனுக்கு நான் ஏன் உதவ வேண்டும்? வகுப்பில் ரேங்க் கார்டு எடுத்தபோது நாம் பேசியதும் இதைத்தானே!

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஆசிரியர் வேலையை அளந்து பணம் கொடுத்தால் பலன் இருக்கும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு. கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் இருவரும் பிரிக்கப்படாத ஆந்திரத்தின் கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2005 முதல் நடத்திய ஆய்வு அது. மாணவர்களின் முன்னேற்றத்தைப் பொறுத்து ஊக்கத்தொகை கொடுத்த பள்ளிகளில் இரண்டாண்டு முடிவில் கணக்கிலும் மொழியிலும் மாணவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஊக்கத்தொகை அறிவிக்காத பாடங்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆசிரியர்கள் கூடுதல் வகுப்பு எடுத்திருந்தார்கள். இதைப் படித்துவிட்டு நான் கவனித்தது, அவர்கள் அளந்த விதம். ஆண்டுத் தொடக்கத்தில் குழந்தை எங்கே நின்றது என்று முதலில் சோதித்து, அங்கிருந்து எவ்வளவு தூரம் வந்தது என்று பார்த்திருக்கிறார்கள். ஆகஸ்டில் நான் செய்யாததும் அதுதான்.

தொடக்கப் புள்ளியைப் பார்க்காமல் முடிவை மட்டும் அளந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய பாடமும் உண்டு. 1862இல் இங்கிலாந்தில் ஆய்வாளர் வைக்கும் தேர்வில் குழந்தைகள் தேறுவதைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் என்று கொண்டுவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதராஸ் மாகாணத்திலும் இப்படி விளைவுக்கேற்ற மானிய முறை இருந்தது. இங்கிலாந்தில் அந்த முறை மனப்பாடத்தை வளர்க்கிறது என்று பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மாத்யூ அர்னால்டே குறை சொன்னார். எங்கள் மூன்றாம் வகுப்புச் சிறுமி நினைவுக்கு வந்தாள்.

இனி எங்கள் ஆசிரியர் அறையில் நடந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞருடையது. 1950இல் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள தொழில் நிறுவனங்களுக்குத் தரக் கட்டுப்பாடு கற்றுக்கொடுத்தவர் அவர். ஆளாளுக்கு ஆண்டுதோறும் தரம் போடுவதை நிர்வாகத்தின் கொடிய நோய்களில் ஒன்று என்றே எழுதினார். அதை விளக்க அவர் தம் கூட்டங்களில் ஒரு விளையாட்டு நடத்துவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. ஆறு 'தொழிலாளர்கள்' 50 குழிகள் உள்ள மட்டையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை மணி நல்ல சரக்கு, சிவப்பு குறையுள்ள சரக்கு. சிவப்பு குறைவாக எடுத்தவருக்குப் பாராட்டு, அதிகம் எடுத்தவருக்குத் திட்டு.

எங்களிடம் மட்டை இல்லை. ஃபேன்சி ஸ்டோரில் ஒரே அளவுள்ள பாசிமணி வாங்கினேன். 400 வெள்ளை, 100 சிவப்பு. பழைய பிஸ்கட் டப்பா ஒன்று. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பள்ளி வேலை நாள். மாலையில் ஆறு ஆசிரியர்களையும் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு 25 மணி எடுக்கச் சொன்னேன். எண்ணி எழுதியதும் திருப்பிப் போட்டுக் குலுக்கிவிட்டு அடுத்தவர். மூன்று சுற்று. மூன்று பருவம் என்று வைத்துக்கொண்டோம்.

முதல் பருவத்தில் சிவப்பு மணிகள் 5, 3, 8, 6, 4, 5. மூன்று எடுத்தவர் எங்கள் பள்ளியிலேயே இளையவர். அவருக்கு ஒரு பேனா பரிசு கொடுத்து, "எல்லாரும் இவரைப் பார்த்துக் கத்துக்கணும்" என்றேன். எட்டு எடுத்த தமிழாசிரியருக்கு ஒரு துண்டுச் சீட்டில் '17 ஏ' என்று எழுதி நீட்டினேன். அறையே சிரித்தது. 17 ஏ என்றால் எப்படிப்பட்ட சிரிப்பு வரும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாம் பருவம்: 6, 7, 4, 5, 2, 5. பரிசு வாங்கியவர் ஏழு எடுத்தார். மெமோ வாங்கியவர் நான்குக்கு இறங்கினார். "பாத்தீங்களா, பேனா குடுத்தா கெட்டுப்போறாங்க, மெமோ குடுத்தா திருந்துறாங்க" என்றேன். மூன்றாம் பருவம்: 4, 5, 7, 3, 6, 6. மெமோ மறுபடியும் மறந்துபோய்விட்டது போல.

கரும்பலகையில் கூட்டினோம். 18 தடவையில் மொத்தம் 91. சராசரி ஐந்துக்குச் சற்று மேல். டப்பாவில் ஐந்தில் ஒன்று சிவப்பு, எனவே 25க்கு ஐந்து வரும் என்பது எட்டாம் வகுப்புக் கணக்கு. ஒருவருக்கு மொத்தம் 12, இன்னொருவருக்கு 19. ஆண்டு முடிவில் இதை வைத்து அறிக்கை எழுதியிருந்தால் ஒருவர் சிறந்த ஆசிரியர், ஒருவர் கவனமற்றவர். இருவரும் ஒரே டப்பாவில் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டவர்கள். மிகையாக வந்த எண் அடுத்த தடவை சராசரிப் பக்கம் நகர்வது இயல்பு. அதை நம் பாராட்டின் கெடுதல் என்றும் நம் மிரட்டலின் பலன் என்றும் எடுத்துக்கொள்கிறோம். விமானப்படைப் பயிற்சியாளர்கள் இதே தவறைச் செய்ததை டேனியல் கானமன் என்ற உளவியல் அறிஞர் எழுதியிருக்கிறார். நன்றாகப் பறந்தவனைப் பாராட்டினால் அடுத்த தடவை சொதப்புகிறான், திட்டினால்தான் சரியாகப் பறக்கிறான் என்று அவர்கள் அடித்துச் சொன்னார்களாம்.

அப்போது மூன்றாம் வகுப்பு டீச்சர் கேட்டார்: "டப்பால சிவப்பு எவ்ளோ போட்டீங்க சார்?"

"நூறு."

"அப்ப அதைப் போட்டது நீங்கதானே?"

யாரும் சிரிக்கவில்லை. ஆகஸ்டுக்குப் பிறகு அவர் என்னிடம் அந்த இரண்டு வரிகளைப் பற்றிப் பேசியது அது ஒரு தடவைதான். வருகைப் பதிவேட்டைப் பார்த்ததை அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். எழுதியது தவறு என்றேன். எல்லோர் முன்னிலையிலும் எழுதவில்லையே, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு ஒருவர் கேட்டார். சின்னப் பள்ளிக்கூடம். உற்றுநோக்கல் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது மணி அடிப்பதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

மணிச் சோதனையை நான் அப்படியே வகுப்பறை என்று சொல்லவரவில்லை. மணி எடுப்பதில் திறமைக்கு இடமே இல்லை. கற்பித்தலில் இருக்கிறது, ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபாடும் இருக்கிறது. ஒரே ஒரு தடவை பார்த்த எண்ணில் எது ஆசிரியருடையது, எது டப்பாவுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதை மட்டும்தான் அது காட்டுகிறது. டப்பாவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது பொறுப்பில் இருக்கிறவரின் வேலை.

அடுத்து, எப்படிச் சொல்வது என்ற கேள்வி. பணியாளருக்கு அவருடைய வேலையைப் பற்றிச் சொன்னாலே வேலை மேம்படும் என்றுதான் நாம் நம்புகிறோம். 1996இல் குளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பற்றிய பழைய ஆய்வுகளின் 607 முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் சொன்ன பிறகு வேலை மோசமாகியிருந்தது! சொல்லும் சொல் வேலையை விட்டு ஆளின்மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 'ஆசிரியர் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்' என்ற என் வரியில் வேலை எங்கே இருக்கிறது? அவருக்குக் கவனம் போதாது என்று ஆளைப் பற்றித்தான் சொல்கிறது. மாணவர்களிடமும் இதுவே. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், விடைத்தாளில் கருத்து மட்டும் எழுதித் தந்த குழந்தைகள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. மதிப்பெண்ணும் கருத்தும் சேர்த்துப் பெற்றவர்களும் முன்னேறவில்லை. எண்ணைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது.

2024 ஜூனில் எங்கள் பள்ளிக்குள் மட்டும் பதிவேட்டின் பக்கத்தை மாற்றிக்கொண்டோம். அலுவலகத்துக்குத் தேவையான விவரங்கள் மேலே அப்படியே. அதன் கீழே மூன்று கட்டம். முதல் கட்டத்தில் நான் பார்த்ததை மட்டும் எழுதுவேன். நன்று, போதாது, சிறப்பு போன்ற சொற்களுக்கு அங்கே அனுமதி இல்லை. "பாடல் நடந்தது. 22 பேரில் 15 பேர் சேர்ந்து பாடினார்கள். கடைசி வரிசையில் நான்கு பேர் புத்தகம் திறக்கவில்லை" என்பது போல. இது எளிது என்று நினைத்தேன். முதல் மாதம் ஐந்து முறை எழுதியதில் ஐந்திலும் ஒரு தீர்ப்பு நுழைந்துவிட்டது. வயதான பழக்கம்.

இரண்டாம் கட்டம் ஆசிரியருடையது. நான் பார்த்ததற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது, ஏன் அப்படி என்று அவர் எழுதுவார். அந்த நான்கு பேர் ஏன் புத்தகம் திறக்கவில்லை என்பதற்கு வந்த பதில்: "முந்தைய நாள்தான் சேர்க்கை. புத்தகம் இன்னும் கொடுக்கவில்லை. கேட்டிருக்கிறேன்." கேட்டது என்னிடம்தான்.

அதனால்தான் மூன்றாம் கட்டம். தலைப்பு: 'தலைமை ஆசிரியர் செய்ய வேண்டியது'. பக்கத்தில் செய்து முடித்த தேதி. முதல் பருவத்தில் அந்தக் கட்டம் நிரம்பி வழிந்தது. புத்தகம், உடைந்த கரும்பலகை, கற்பிக்கும் நேரத்தில் எமிஸ் பதிவுக்காக டீச்சரை அழைப்பது, மதிய உணவு நேரத்தில் ஒரே ஆள் எல்லாக் குழந்தைகளையும் பார்ப்பது. இவற்றில் பாதிக்கு மேல் பணம் தேவையில்லாதவை. கால அட்டவணையைப் பென்சிலால் நான்கு முறை அழித்து எழுதினால் சரியாகிவிடுகிறவை. வருடத்துக்கு இரண்டு தடவை 40 நிமிடம் என்பதை மாற்றி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். எப்போதும் முடிவதில்லை. என் எட்டாம் வகுப்புப் பாடவேளைகளை வைத்துக்கொண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் சில வகுப்புகளுக்குப் போக முடிகிறது.

என் வகுப்பையும் பார்க்கச் சொன்னேன். முதலில் யாரும் வரவில்லை. பிறகு மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒரு நாள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இயற்கணிதக் கோவைகள் நடத்தினேன். என் மனசுக்கு அருமையான வகுப்பு. அவர் முதல் கட்டத்தில் எழுதியது இவ்வளவுதான்: "11 கேள்விகள் கேட்டீர்கள். 8 கேள்விகளுக்கு நீங்களே விடை சொன்னீர்கள்." இரண்டாம் கட்டத்தில் நான் விளக்கம் எழுத அரை மணி நேரம் ஆனது. பாடப்பகுதி அதிகம், நேரம் போதாது என்றெல்லாம் எழுதினேன். எழுதும்போதுதான் உறைத்தது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள், மூன்று வினாடி காத்திருந்தால் குழந்தைகளின் பதில் நீளமாகிறது என்று மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்ததை பி.எட். முடித்தபின் ஏதோ ஒரு பயிற்சியில் நானே கேட்டிருக்கிறேன். இப்போது கேள்வி கேட்டதும் மேசைக்கு அடியில் விரலை மடக்கி எண்ணுகிறேன். மூன்று வினாடி அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் இந்த நோட்டு தீர்த்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். எங்களில் ஒருவர் தொடர்ந்து தாமதமாக வந்தார். பேருந்து, பிள்ளைக்குக் காய்ச்சல், மறுபடியும் பேருந்து. பேருந்து நேரத்தை நானே நிலையத்தில் போய்ப் பார்த்தேன். முந்தைய வண்டி இருந்தது. மூன்று மாதம் பேசினேன். மாறவில்லை. எழுத்துமூலம் விளக்கம் கேட்டேன், வட்டாரக் கல்வி அலுவலருக்கும் தெரிவித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு நாள் மனசு கனத்துக் கிடந்தது, ஆனாலும் செய்தது சரிதான். குழந்தைகள் வாசலில் காத்திருப்பதற்கு எந்த டப்பாவும் காரணம் இல்லை. ஆனால் அதை உற்றுநோக்கல் பதிவேட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. அது தனிக் கோப்பு. இரண்டையும் ஒரே நோட்டில் வைத்தால், அடுத்த நாளிலிருந்து யாரும் இரண்டாம் கட்டத்தில் உண்மையை எழுதமாட்டார்கள்.

செய்துபார்க்க நினைக்கும் பள்ளிகளுக்கு ஒன்று. மணிச் சோதனையைப் பதிவேட்டை மாற்றுவதற்கு முன்பே நடத்திவிடுங்கள். மணிகள் ஒரே அளவாக, ஒரே வழவழப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கை நிறத்தைக் கண்டுபிடித்துவிடும். திட்டும் பாராட்டும் நாடகமாக நன்றாக இருக்கட்டும், அதில்தான் விஷயமே இருக்கிறது. மேற்பார்வையாளர் வேடத்தைத் தலைமை ஆசிரியரே போட வேண்டும். டப்பாவை நிரப்பியது யார் என்ற கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

அந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் இப்போது மேல் வகுப்புக்குப் போய்விட்டார்கள். டீச்சரிடம் புதிய வகுப்பு. கரும்பு வெட்டப் போகும் வீடுகள் இந்தத் தடவை ஏழு. நவம்பரிலேயே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி, டீச்சரும் நானும் வீடு வீடாகப் போனோம். ஐந்து குழந்தைகளைப் பாட்டி வீட்டில் விட்டுப்போக ஒப்புக்கொண்டார்கள். பாட்டி இல்லாத இரண்டு வீடு மிச்சம். அந்த இரண்டு பேருக்கும் உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் கேட்டு எழுதியிருக்கிறேன். பதிவேட்டில் மூன்றாம் கட்டத்தில் அது இருக்கிறது, என் பெயரில். தேதி போட வேண்டிய இடம் இன்னும் காலி. பொங்கலுக்கு முப்பத்தாறு நாள் இருக்கிறது.